எஸ்டி கார்டுக்குப் பின்னால் ஒரு மனிதர்: கேரி கில்டால்

சாரல் சீசன். தென்காசியில் ரூம் ஜன்னலைச் சாத்திட்டு ப்ராஜெக்ட் வேலையில உட்கார்ந்திருக்கீங்க. ராஸ்பெரி பைக்கான இமேஜை டவுன்லோடு பண்ணி, அந்த ஃபைலை அப்படியே எஸ்டி கார்டில் காப்பி பண்ணிப் போடுறீங்க. பூட் ஆகல. அடுத்து, இமேஜை முறையா கார்டில் எழுதுறீங்க. ஆனா அது வேற போர்டுக்கானது. மறுபடியும் கறுப்புத் திரை. ரிவ்யூவுக்கு ரெண்டே நாள்!

இந்த ரெண்டு தப்பும் ஏன் தப்புன்னு புரியணும்னா கேரி கில்டாலைத் தெரிஞ்சுக்கணும்.

1942-இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பிறந்தவர். அவருடைய குடும்பம் மாலுமிகளுக்கான பயிற்சிப் பள்ளி நடத்தியது. கில்டால் கணினி பக்கம் திரும்பினார். 1972-இல் முனைவர் பட்டம். மான்டெரே கடற்படைக் கல்லூரியில் ஆசிரியர் வேலை. இன்டெல்லின் 4004 சிப் அவரைப் பிடித்துக்கொண்டது. இன்டெல்லுக்கு ஆலோசகரானார். அந்தச் சிப்களுக்காக பிஎல்/எம் என்ற மொழியை உருவாக்கினார்.

ஒரு ஃப்ளாப்பி டிரைவ் கையில் கிடைத்தது. அதை இயக்கும் கன்ட்ரோலர் சர்க்யூட் அவருக்குக் கைகூடவில்லை. நண்பர் ஜான் டொரோட் அதைச் செய்து கொடுத்தார். அப்படித்தான் 1974-இல் சிபி/எம் என்ற ஆபரேட்டிங் சிஸ்டம் ஓடத் தொடங்கியது. மனைவி டோரத்தியுடன் சேர்ந்து, பின்னாளில் டிஜிட்டல் ரிசர்ச் என்று அறியப்பட்ட நிறுவனத்தைத் தொடங்கினார்.

தலைவலி அப்புறம்தான். ஒவ்வொரு கம்பெனி மெஷினும் ஒவ்வொரு மாதிரி. ஒவ்வொன்றுக்கும் சிபி/எம்மைத் திருத்தி மாளவில்லை. அதனால் ஹார்டுவேரைத் தொடும் வரிகளை மட்டும் தனியாகப் பிரித்து, அதற்கு பயோஸ் என்று பெயர் வைத்தார். நம்ம ஐந்தருவியை நினைச்சுப் பாருங்க: மேலே வர்ற தண்ணீர் ஒண்ணுதான், பாறைக்கு ஏத்தபடி அஞ்சா பிரியுது. அதே மாதிரி சிஸ்டம் ஒன்று; பயோஸ் மட்டும் மெஷினுக்கு மெஷின் மாறும். இன்னிக்கு நம்ம போர்டுகளில் பூட்லோடரும் டிவைஸ் ட்ரீயும் செய்யறது இதே வேலைதான். வேற போர்டோட இமேஜ் ஓடாததும் அதனாலதான்.

சிபி/எம்மைச் சும்மா காப்பி பண்ணினாலும் பூட் ஆகாது. சிஸ்ஜென் என்ற புரோகிராம்தான் அதை ஃப்ளாப்பியின் முதல் டிராக்குகளில் எழுதும். மெஷின் ஆன் ஆனதும் தேடும் இடம் அது. நம்ம எஸ்டி கார்டிலும் இமேஜை முதல் பைட்டிலிருந்து எழுதச் சொல்றது இதே காரணத்துக்குத்தான்.

1980-இல் ஐபிஎம் அவரைத் தேடி வந்தது. பேச்சு கூடிவரவில்லை, வாய்ப்பு மைக்ரோசாஃப்ட்டுக்குப் போனது. அன்று அவர் ஜாலியாக விமானம் ஓட்டப் போனார் என்று ஒரு கதை சுற்றுகிறது. உண்மையில் போனது ஒரு வாடிக்கையாளரைப் பார்க்க. பிறகு ஐபிஎம் அவருடைய சிஸ்டத்தையும் விற்றது, ஆனால் 240 டாலருக்கு. மைக்ரோசாஃப்ட் தந்தது 40 டாலர். மாணவன் எதை வாங்குவான்னு சொல்லணுமா?

1994 ஜூலையில், 52 வயதில், தலையில் பட்ட அடியால் இறந்தார். கோட்டைவிட்டவர் என்றே பலரும் அவரை நினைக்கிறார்கள். அது நியாயமில்லை. ஒரே சிஸ்டத்தை வெவ்வேறு மெஷினில் ஓட வைக்க அவர் காட்டிய வழியில்தான் நம்ம ப்ராஜெக்ட்டும் நடக்குது.

அதனால அடுத்த தடவை போர்டோட மாடல் நம்பரைப் பாருங்க, செக்சம் சரிபாருங்க, அப்புறம் கார்டில் எழுதுங்க. பச்சை லைட் துடிக்க ஆரம்பிச்சதும் கில்டாலை ஒரு நிமிஷம் நினைச்சுக்கோங்க.