போத்தனூர்த் தாயின் மகன்

களியக்காவிளையிலிருந்து நெய்யாற்றின்கரைக்குச் செல்லும் பேருந்து பாறசாலையை அடைவதற்குள் கடைப் பெயர்ப்பலகைகளின் எழுத்து மாறிவிடுகிறது. மலையாளம் கற்றவர்க்கு அவை பெயர்கள். கல்லாதவர்க்கு வெறும் கோடுகள். எனினும் அவ்வெழுத்தை விரும்பும் எவரும் கற்கலாம். உரியவர் தவிரப் பிறர் படிக்க இயலாதவாறு செய்தியை மாற்றி எழுதும் முறையோ வேறு. அதனை மறைக்குறியீடு என்பர். இன்று பல்கலைக்கழகங்களில் பயிலப்படும் அத்துறையில் அழியாப் புகழ் பெற்றவர் ஆலன் டூரிங்.

ஆலனின் அன்னை சாரா, கோயம்புத்தூரை அடுத்த போத்தனூரில் பிறந்தவர். மதராஸ் இரயில்வேயின் தலைமைப் பொறியாளருடைய மகள். தந்தை ஜூலியஸ், சென்னை மாகாணத்தில் ஆட்சிப்பணி அலுவலர். அண்ணன் ஜான் குன்னூரில் பிறந்தார். ஆலன் 1912 ஜூன் 23 அன்று இலண்டனில் பிறந்தார். மக்கள் இருவரையும் இங்கிலாந்தில் ஒரு குடும்பத்தாரிடம் ஒப்படைத்துவிட்டுப் பெற்றோர் இந்தியா திரும்பினர். பெற்றோர் தொலைவில் பணிபுரிய, பிறர் இல்லத்திலேயே ஆலனின் இளமை பெரிதும் கழிந்தது.

1931இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து கணிதம் பயின்றார். 1936இல் வெளியான அவரது கட்டுரை, கட்டளைகளைப் படிப்படியாகப் பின்பற்றிக் கணக்கிடும் கற்பனை இயந்திரம் ஒன்றை விளக்கியது. இன்றைய கணினிக் கோட்பாட்டிற்கு அதுவே அடித்தளம். பின்னர் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் 1938இல் முனைவர் பட்டம் பெற்றார். அங்கே ஓய்வு நேரத்தில் மறைக்குறியீட்டையும் ஆராய்ந்தார். செய்தியை எண்ணாக்கி, நீண்ட இரகசிய எண்ணால் பெருக்கி மறைக்கும் மின்கருவி ஒன்றை அமைக்க முயன்றார்.

1939இல் இரண்டாம் உலகப்போர் மூண்டது. செப்டம்பர் 4 அன்று ஆலன் பிளெட்ச்லி பார்க் என்னும் இடத்தில் பணியேற்றார். செருமானியப் படையினர் எனிக்மா என்ற பொறியால் செய்திகளை மறைத்தனர். அதன் அமைப்பை நாள்தோறும் மாற்றினர். 159ஐ எழுதிப் பதினெட்டுச் சுழியங்கள் இட்டால் வரும் எண்ணளவிற்கு அமைப்புகள் இருந்தன. போலந்து நாட்டுக் கணித அறிஞர்கள் அப்பொறியின் மறைவை முன்னரே ஓரளவு அவிழ்த்திருந்தனர். அவர்கள் காட்டிய வழியில் ஆலனும் தொடர்ந்தார்.

எனிக்மாவில் ஒரு குறை இருந்தது. எந்த எழுத்தும் அதே எழுத்தாக மறைக்கப்படாது. மேலும், வானிலைச் செய்தி போன்றவற்றில் ஒரே சொற்கள் மீண்டும் மீண்டும் வந்தன. இவ்விரண்டையும் பற்றுக்கோடாகக் கொண்டு, பொருந்தாத அமைப்புகளை விரைந்து நீக்கும் பாம் என்னும் இயந்திரத்தை ஆலன் வடிவமைத்தார். கார்டன் வெல்ச்மன் அதனை மேம்படுத்தினார். கடலில் உணவும் எரிபொருளும் ஏற்றிவந்த கப்பல்கள் பலவற்றைக் காக்க இம்முயற்சி உதவியது.

ஆயினும் அப்பணி இரகசியமாகவே வைக்கப்பட்டது. தன்பாலீர்ப்பைக் குற்றமாகக் கருதிய அன்றைய சட்டத்தின்படி 1952இல் ஆலன் தண்டிக்கப்பட்டார். நாட்டைக் காத்த அவர்தம் தொண்டை அப்போது மக்கள் அறியார். 1954 ஜூன் 7 அன்று, தம் 41ஆம் வயதில் மறைந்தார். 2009இல் பிரித்தானியப் பிரதமர் அந்நாட்டின் சார்பில் வருத்தம் தெரிவித்தார்.

1959இல் சாரா தம் மகனின் வாழ்க்கை வரலாற்றை வெளியிட்டார். ஆனால், மகனின் போர்க்காலப் பணியை அதில் விரித்துரைக்க இயலவில்லை. உலகின் மறைகளை அவிழ்த்த மகனின் பெருமை, ஈன்ற தாய்க்கே பெரிதும் மறைபொருளாய் இருந்தது.

சொற்பொருள்: பற்றுக்கோடு – பிடிப்பு, ஈன்ற – பெற்ற, மறைபொருள் – வெளிப்படாத செய்தி.

வினாக்கள்:
1. எனிக்மாவின் குறை யாது?
2. ஆலனின் பெருமையை அக்கால மக்கள் அறியாமைக்குக் காரணம் என்ன?
3. தொலைவில் வாழும் உறவினர் ஒருவருக்குத் தமிழில் ஐந்து வரிகளில் கடிதம் எழுதுக.