செர்கேய் விநோகிராட்ஸ்கி (1856 – 1953)



பள்ளிவாசல்துறையில் களப்போரமாக நடந்து பழகிய உங்களுக்கு அந்தச் சேற்றைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. மேலே மெல்லிய மண்ணிறப் படை. கால் புதைந்தால் உள்ளே கன்னங்கறுப்பு, கூடவே கூழ்முட்டை நாற்றம். நாற்றத்துக்குக் காரணம் ஐதரசன் சல்பைட்டு வாயு. இத்தகைய சேற்றில் ஒட்சிசன் சில மில்லிமீற்றர் ஆழத்திலேயே தீர்ந்துவிடும். அதற்குக் கீழே வாழும் பற்றீரியாக்கள் ஒட்சிசனுக்குப் பதிலாகக் கடல்நீரிலுள்ள சல்பேற்றைக் கொண்டு சுவாசித்து இவ்வாயுவை வெளிவிடுகின்றன. அது இரும்புடன் சேர்ந்து கறுப்பு நிற இரும்பு சல்பைட்டாகிறது. நமக்கு நஞ்சான இவ்வாயுவையே சக்தி முதலாகக் கொண்டு வாழும் பற்றீரியாவும் உண்டு என்று காட்டியவர்தான் விநோகிராட்ஸ்கி.

இவர் 1856 இல் கியேவ் நகரில் செல்வந்தக் குடும்பமொன்றில் பிறந்தார். 1875 இல் சென் பீற்றர்ஸ்பேர்க் இசைக் கல்லூரியில் சேர்ந்து பியானோ பயின்றார். இரண்டு வருடங்களில் அதை விட்டு, அந்நகரப் பல்கலைக்கழகத்தில் இரசாயனவியலும் தாவரவியலும் கற்கத் தொடங்கினார். விருப்பமான துறையைக் கண்டுபிடிக்கச் சற்றுத் தாமதமானவர் என்பதை, பாடப்பிரிவு மாற யோசிப்பவர்கள் கவனிக்கலாம்.

1885 இல் ஸ்ராஸ்பூர்க் சென்று, தாவரவியலாளர் அன்ரன் டி பாரியின் ஆய்வுகூடத்தில் பெக்கியாற்றோவா என்னும் இழையுருவான பற்றீரியாவை ஆராய்ந்தார். அதன் உடலில் கந்தக மணிகள் காணப்படும். கந்தக ஊற்றுகளில் நாற்றமடிக்கும் வாயுவை உண்டாக்குவதே இப்பற்றீரியாதான் என்று பலர் அன்று நம்பினர். விநோகிராட்ஸ்கி இழைகளை நுணுக்குக்காட்டி வழுக்கியிலேயே உயிருடன் வைத்து, நீரை மாற்றி மாற்றி ஊற்றிப் பார்த்தார். ஐதரசன் சல்பைட்டு உள்ள நீரில் மணிகள் பெருகின. அது இல்லாத நீரில் ஓரிரு நாட்களில் மறைந்தன. பின்னர் இழைகளும் இறந்தன. ஆகவே பற்றீரியா வாயுவை உண்டாக்கவில்லை. அதைக் கந்தகமாகவும், பின் சல்பூரிக்கமிலமாகவும் ஒட்சியேற்றிச் சக்தி பெறுகிறது. இம்முடிவை 1887 இல் வெளியிட்டார்.

இங்கே மாணவர்கள் வழமையாகப் புள்ளி இழப்பதுண்டு. பெக்கியாற்றோவா ஆய்வு காட்டியது சக்தி எங்கிருந்து வருகிறது என்பதை மட்டுமே. காபனை எங்கிருந்து பெறுகிறது என்ற கேள்விக்கு விடை சூரிச்சில், வேறு பற்றீரியாவிலிருந்து கிடைத்தது. அமோனியாவை ஒட்சியேற்றும் பற்றீரியா வழமையான ஜெலற்றின் ஊடகத்தில் வளர மறுத்தது. சேதனப் பொருளே அதற்குத் தடையாக இருக்கலாமென எண்ணி, அசேதன உப்புகள் மட்டுமுள்ள ஊடகத்தைத் தயாரித்தார், அதில் வளர்ந்தது. ஒளியுமின்றி, சேதன உணவுமின்றி, காபனீரொட்சைட்டிலிருந்து உடலை ஆக்கும் இம்முறை இரசாயனத்தொகுப்பு எனப்படுகிறது. 1890 இல் இது வெளியானபோது, பச்சையம் இன்றித் தற்போசணை இல்லை என்ற எண்ணம் விழுந்தது.

பாடநூல்களில் வரும் விநோகிராட்ஸ்கி நிரலும் இவர் பெயரிலேயே வழங்குகிறது. உயரமான கண்ணாடிப் பாத்திரத்தில் சேறு, கிழித்த கடதாசி, சிறிது முட்டை மஞ்சட்கரு இட்டு, நீர் விட்டு, யன்னலோரம் சில வாரங்கள் வைத்தால் அடியில் கறுப்பும், அதற்கு மேலே ஊதா, பச்சை நிறப் படைகளும் தோன்றும். ஒட்சிசன் மேலிருந்தும் சல்பைட்டு கீழிருந்தும் வர, ஒவ்வோர் இனமும் தனக்கேற்ற ஆழத்தில் குடியேறுகிறது. களப்பு நீரிலேயே சல்பேற்று உள்ளதால், நம் ஊர்ச் சேற்றுக்கு முட்டை கூடத் தேவைப்படாது.

1905 அளவில் ஆய்விலிருந்து விலகி, குடும்ப நிலங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரஷ்யப் புரட்சி அவற்றைப் பறித்தது, நாட்டைவிட்டு வெளியேறினார். 1922 இல், ஓய்வெடுக்க வேண்டிய வயதில், பரிஸ் பாஸ்ரர் நிறுவனத்தின் அழைப்பை ஏற்று, பிரி-கொம்ற்-ரொபேர் என்னும் சிற்றூரில் மண் பற்றீரியா ஆய்வை மறுபடி தொடங்கினார். தம் ஆய்வுகளைத் தொகுத்த பெருநூல் 1949 இல் வெளிவந்தது. 1953 இல், 96 ஆவது வயதில் காலமானார்.

இவரது பெக்கியாற்றோவாவின் உறவினமொன்று 1997 இல் நமீபியக் கரைக்கு அப்பாலுள்ள, ஒட்சிசன் குறைந்த கடலடிச் சேற்றில் கிடைத்தது. அதன் தனிக்கலம் 0.75 மில்லிமீற்றர் வரை வளரும், வெறுங்கண்ணுக்கே தெரியும்.

கவனிக்க: சல்பேற்றைத் தாழ்த்தும் பற்றீரியாவை 1895 இல் கண்டறிந்தவர் ஒல்லாந்தரான பெய்ஜரிங்க். கறுப்புப் படையின் வாயுவை உண்டாக்குவது அவர் கண்ட வகை. அவ்வாயுவை ஒட்சியேற்றுவது விநோகிராட்ஸ்கி கண்ட வகை. விடையில் இருவரையும் மாற்றி எழுத வேண்டாம்.