கடவுளின் பிள்ளை எனத் தம்மை அறிந்தவர்: ஹோவர்ட் தெர்மன்

மனிதன் தன்னை யார் என்று எண்ணுகிறானோ, அதற்கேற்பவே நிமிர்ந்தோ குனிந்தோ நடக்கிறான். பிறர் இட்ட இழிபெயரையே தன் பெயராக ஏற்றவன், எத்துணை ஏட்டுக் கல்வி பெற்றாலும் உள்ளத்தால் அடிமையே. இவ்வுண்மையைத் தம் வாழ்வால் விளக்கியவர் அமெரிக்கக் கறுப்பினப் பேரறிஞரும் சமயப் போதகருமான ஹோவர்ட் தெர்மன். அன்னாரின் வரலாற்றை இவ்வெள்ளி விழா மலர் வாயிலாக நம் சமுதாய இளைஞர்கள் முன் வைக்கின்றோம்.

தெர்மன் 1899ஆம் ஆண்டு நவம்பர் 18ஆம் நாள் பிறந்தார். புளோரிடா மாநிலத்தின் டேடோனா நகரில் வளர்ந்தார். இரயில் பாதைத் தொழிலாளியான தந்தையார், மகனின் ஏழாம் வயதில் காலமானார். அவர் ஆலயத்திற்குச் செல்லாதவர் என்பதால் அடக்க ஆராதனைக்குப் போதகர் இணங்கவில்லை. பாட்டியார் வாதாடி இடம் பெற்றார். ஆயினும் பிரசங்கிக்க வந்த வேறொரு போதகர், இறந்தவரை நரகத்திற்கு உரியவர் எனப் பழித்துரைத்தார். அதைக் கேட்டிருந்த சிறுவனின் நெஞ்சில் அது ஆறாப் புண்ணாயிற்று.

தாயார் உழைக்கச் செல்ல, பேரனை வளர்த்தவர் பாட்டியார் நான்சி ஆம்புரோஸ். அடிமையாய் வாழ்ந்து விடுதலை கண்ட அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பேரன் வேதம் வாசிக்க அவர் கேட்பார். ஆனால், பவுலடியாரின் நிருபங்களை மட்டும் வாசிக்க விடமாட்டார். கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தில் அன்பைக் கூறும் 13ஆம் அதிகாரம் ஒன்றுக்கே விலக்கு உண்டு. பின்னாளில் பேரன் காரணம் வினவினார். பண்ணை முதலாளி அழைத்துவரும் போதகர், அடிமைகள் எசமானருக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்ற பவுலின் சொற்களையே மீண்டும் மீண்டும் பிரசங்கித்தாராம். விடுதலை வந்து, படிக்கவும் கற்றால், அப்பகுதியை வாசிப்பதில்லை எனப் பாட்டியார் அன்றே உறுதி பூண்டாராம்.

அவர் அடிக்கடி கூறிய மற்றொரு செய்தி உண்டு. அடிமைகளுள் ஒருவரே போதகராக அரிதாக அங்கு வருவார். கிறிஸ்துவின் சிலுவைப் பாடுகளை விவரித்து முடித்தபின், எதிரில் அமர்ந்திருப்போரை ஒவ்வொருவராக நோக்கி, நீங்கள் அடிமைகளல்லர், கடவுளின் பிள்ளைகள் என்ற கருத்தை அழுத்தமாக அறிவிப்பார். இதைச் சொல்லும்போதெல்லாம் பாட்டியாரின் உடல் நிமிரும். கேட்ட பேரப்பிள்ளைகளின் உள்ளமும் நிமிரும்.

அந்நகரில் கறுப்பினப் பிள்ளைகளுக்கு ஏழாம் வகுப்புக்கு மேல் பள்ளி இல்லை. பள்ளித் தலைமையாசிரியர் தாமாகவே முன்வந்து, தெர்மனுக்குத் தனியே எட்டாம் வகுப்புப் பாடங்களைக் கற்பித்தார். மாணவர் தேர்வில் வென்றார். பின்னர் அப்பள்ளியிலும் எட்டாம் வகுப்பு ஏற்பட்டது. ஆசிரியப் பணியிலுள்ள நமக்கு இது நெஞ்சை நெகிழ்விக்கும் செய்தி.

உயர்நிலைக் கல்விக்கு ஜாக்சன்வில் நகருக்குப் புறப்பட்டபோது, கைப்பிடியில்லாத பழைய பெட்டியைக் கயிற்றால் கட்டி எடுத்துச் சென்றார். கைப்பிடி இல்லாத பெட்டியைப் பயணச்சீட்டின் பேரில் ஏற்க இயலாது, தனிக் கட்டணம் செலுத்தியே அனுப்ப வேண்டும் என நிலையத்தார் மறுத்தனர். கையில் காசில்லாத சிறுவர் படிக்கட்டில் அமர்ந்து அழுதார். வேலையுடை அணிந்த கறுப்பினத்தவர் ஒருவர் காரணம் கேட்டறிந்து, கட்டணத்தைச் செலுத்தி, இரயில் பாதை வழியே நடந்து மறைந்தார். அவரைத் தெர்மன் மீண்டும் காணவே இல்லை. 1979இல் வெளியிட்ட தன்வரலாற்று நூலை, பெயரறியாத அம்மனிதருக்கே காணிக்கையாக்கினார்.

1923இல் அட்லாண்டாவின் மோர்ஹவுஸ் கல்லூரியில் பட்டமும், 1926இல் ராச்செஸ்டரில் இறையியல் பட்டமும் பெற்றார். 1932 முதல் ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார். 1935இல் கிறிஸ்தவ மாணவர் இயக்கத்தின் தூதுக்குழுவிற்குத் தலைமையேற்றுக் கீழ்நாடுகளுக்கு வந்தார். கொழும்பு சட்டக் கல்லூரியில் ஒருவர் அவரை வினவினார்: உம் மக்களை அடிமைகளாக விற்றவர்களும் கிறிஸ்தவர்களே, ஆலயத்திலும் நிறவெறி காட்டுவோர் அவர்களே, அவர்கள் சமயத்தை நீர் ஏற்றிருப்பது எங்ஙனம்? இயேசுவின் நெறி வேறு, வலியோர் தம் நலத்திற்காகச் சமைத்துக்கொண்ட சமயம் வேறு என்பதே அவரது விடையின் சாரம். 1936இல் பர்தோலியில் காந்தியடிகளைச் சந்தித்து உரையாடினார்.

அக்கேள்வியின் நினைவோடு தொடங்கும் அவரது நூல், இயேசுவும் உரிமை இழந்தோரும் என்னும் பொருளுடைய தலைப்பில் 1949இல் வெளிவந்தது. இயேசு உரோமப் பேரரசின் கீழ் நசுங்கிய ஏழை யூதர். அச்சம், வஞ்சகம், பகை ஆகியவற்றிலிருந்து ஒடுக்கப்பட்டோரை மீட்பது அன்பே. தான் கடவுளின் பிள்ளை என்று அறிந்தவனை அச்சம் ஆளாது என்று அந்நூல் நிறுவுகிறது. மார்ட்டின் லூதர் கிங் இதனைப் போற்றிப் பயின்றார். சான் பிரான்சிஸ்கோவில் 1944இல் எல்லா இனத்தாரும் கூடி வழிபடும் சபையைத் தெர்மன் வேறொரு போதகருடன் இணைந்து நிறுவினார். 1953 முதல் 1965 வரை பாஸ்டன் பல்கலைக்கழக ஆலயத் தலைவராகத் திகழ்ந்து, 1981 ஏப்ரல் 10 அன்று மறைந்தார்.

இளைஞர்களே! கல்லறைத் தோட்டத்திலும் சாதிச் சுவர் எழுப்பியோர் நம் நாட்டில் உண்டு. அவர்கள் கூறுவதைக் கொண்டு நாம் யார் என்று முடிவு செய்யலாகாது. கடவுளின் பிள்ளைக்குத் தாழ்ந்த பிறப்பு இல்லை. பிறரைத் தாழ்த்தும் உரிமையும் இல்லை. சங்க உறுப்பினர்களுக்கு ஒரு விண்ணப்பம்: கட்டணமின்றி அழுது நிற்கும் பிள்ளை நம் தெருவிலும் இருக்கக்கூடும். அப்பெட்டிக்குப் பணம் கட்டிய பெயரறியா மனிதராக நாம் ஒவ்வொருவரும் ஆவோமாக!