ஊசியின் கனத்தை மறக்காத மருத்துவர்

2022ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம். கோலா சாவாவில் எங்கள் வீட்டுச் சமையலறை மேசையில், கோவிட் சுயப் பரிசோதனைக் கருவியைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எஸ்பிஎம் தேர்வுக்கு ஒரு மாதம்கூட இல்லை. தொண்டை லேசாகக் கரகரத்தது. குச்சியை மூக்கின் வாசலில் பட்டும் படாமலும் ஒரு சுற்றுச் சுற்றினேன். தும்மல் வந்ததும் எடுத்துவிட்டேன். பதினைந்து நிமிடத்தில் ஒரே ஒரு கோடு. நிம்மதியாகப் போய்ப் பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து இரவு முழுக்கத் தொலைக்காட்சி பார்த்தேன்.

மறுநாள் காய்ச்சல். தாதியாக இருக்கும் சின்னம்மா வீடியோ அழைப்பில் வந்து, அவர் சொல்லச் சொல்ல மறுபடியும் எடுத்தேன். முதலில் மூக்கைச் சிந்த வேண்டும். பிறகு குச்சி உள்சுவரில் நன்றாக உரசும்படி ஐந்து சுற்று. ஒரு மூக்கோடு நிறுத்தாமல் அடுத்ததிலும். இம்முறை இரண்டு கோடுகள் பளிச்சென்று விழுந்தன. மூன்றாம் நாள் பாட்டிக்கும் வந்துவிட்டது. ஒன்பது நாள் மருத்துவமனையில் இருந்து, எப்படியோ பிழைத்து வீடு திரும்பினார்.

முதல் நாளில் கிருமி குறைவாக இருந்திருக்கலாம், அதனால் கோடு விழாமல் போயிருக்கலாம். அதுவும் நடக்கக்கூடியதுதான். ஆனால் நான் குச்சியைப் பிடித்த லட்சணம் எனக்குத் தெரியும்.

அந்தக் குற்ற உணர்வோடு இருந்த சமயத்தில்தான் டாக்டர் வூ லியன் தேயின் வாழ்க்கையைப் படித்தேன். முகக்கவசத்தால் உலகம் அறிந்த மனிதர் அவர். என்னைப் பிடித்து நிறுத்தியது முகக்கவசம் அல்ல, அவர் மாதிரி எடுத்த விதம்.

வூ நம் நாட்டுக்காரர். 1879 மார்ச் 10ஆம் தேதி பினாங்கில் ஒரு பொற்கொல்லரின் மகனாகப் பிறந்தார். பினாங்கு ஃப்ரீ ஸ்கூல் மாணவர். 1896இல் குயின்ஸ் உபகாரச் சம்பளம் பெற்று, கேம்பிரிட்ஜின் இமானுவல் கல்லூரியில் மருத்துவம் படித்தார். பிறகு லிவர்பூலில், மலேரியாவைக் கொசு பரப்புவதைக் கண்டறிந்த ரொனால்ட் ராஸிடமும், பாரிஸில் பாஸ்டர் நிலையத்திலும், ஜெர்மனியிலும் கிருமியியல் பயின்றார்.

ராஸ் பெயரைச் சொன்னால் பாட்டி சொல்லும் கதை நினைவுக்கு வருகிறது. அந்தக் காலத்துத் தோட்டங்களில் காய்ச்சல் என்று படுத்தால் டிரெசர் வந்து விரலில் குத்தி, கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்துப் போவாராம். அந்தச் சொட்டை மெல்லியதாக இழுத்துத் தேய்த்தால் கிருமியின் உருவம் தெளிவாகத் தெரியும், ஆனால் குறைவாக இருக்கும் கிருமி அகப்படாமல் போகும். இழுக்காமல் கனமாகப் பரப்பினால் ஒரே பார்வையில் அதிக இரத்தத்தைத் தேடலாம். இந்தக் கனத்த படல முறையை ராஸ் 1903இல் வெளியிட்டார். நோய் அதேதான், நுண்ணோக்கியும் அதேதான். சொட்டை வைக்கும் விதம் மாறியதும் விடை மாறியது.

அதே 1903இல் வூ மலாயா திரும்பினார். கோலாலம்பூரில் 1900இல் தொடங்கப்பட்டிருந்த மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில் சேர்ந்து பெரிபெரி நோயை ஆராய்ந்தார். பின்னர் பினாங்கில் சொந்த மருத்துவமனை வைத்தார். அபினுக்கு எதிராகப் பேசிப் பகைவர்களையும் சேர்த்துக்கொண்டார். 1908இல் சீனாவின் தியன்சின் நகரில் இராணுவ மருத்துவக் கல்லூரியின் துணை இயக்குநரானார்.

1910 டிசம்பரில் மஞ்சூரியாவின் ஹார்பின் நகரில் மக்கள் கொத்துக்கொத்தாகச் செத்துக்கொண்டிருந்தார்கள். காய்ச்சல், இருமல், இரத்தச் சளி, ஓரிரு நாளில் மரணம். டிசம்பர் 24ஆம் தேதி, ஒரு நுண்ணோக்கியும் உதவிக்கு ஒரு மாணவருமாக வூ அங்கே போய் இறங்கினார். வயது 31.

அவருக்கு முன்பே அங்கே ஒரு ஜப்பானிய மருத்துவர் உழைத்துக்கொண்டிருந்தார். பிளேக் என்றால் எலி என்பது அன்றைய பாடம். ஆகவே அவர் எலிகளைப் பிடித்துப் பிடித்து அறுத்துப் பார்த்தார். நூற்றுக்கணக்கான எலிகள். ஒன்றில்கூடக் கிருமி இல்லை. அதனால் இது பிளேக் அல்ல என்று எண்ணினார். அவருடைய நுண்ணோக்கியில் குறை இல்லை, உழைப்பிலும் குறை இல்லை. மாதிரி எடுத்த இடம்தான் தவறு.

டிசம்பர் 27ஆம் தேதி, ஃபூஜியாடியன் என்ற பகுதியில் விடுதி நடத்திய ஜப்பானியப் பெண் ஒருவர் இறந்ததாகச் செய்தி வந்தது. இறந்தவர் உடலைத் திறப்பது அன்றைய சீனாவில் சட்டத்துக்கும் வழக்கத்துக்கும் புறம்பானது. வூ அந்த விடுதியின் ஓர் அறையிலேயே அதைச் செய்தார்.

இங்கேதான் கருவிகளைக் கவனிக்க வேண்டும். மார்பைத் திறந்து, இருதயத்தின் வலது மேலறைக்குள் தடித்த துளையுள்ள ஊசியைச் செலுத்தி இரத்தம் எடுத்தார். இறந்த உடலின் இரத்தம் கெட்டிப்படத் தொடங்கியிருக்கும். மெல்லிய ஊசியாக இருந்தால் அடைத்துக்கொள்ளக்கூடும். தோலிலோ வாயிலோ இருக்கும் வேறு கிருமிகள் கலக்காத இடமும் அதுதான். பிறகு நுரையீரலையும் மண்ணீரலையும் கீறி, பிளாட்டினக் கம்பியை உள்ளே நுழைத்து மாதிரி எடுத்தார். ஏன் பிளாட்டினம்? நெருப்பில் காட்டினால் செக்கச்செவேலென்று பழுத்து, அதில் ஒட்டியிருந்த கிருமியெல்லாம் செத்துவிடும். சில நொடிகளில் ஆறியும் விடும். ஓர் உறுப்பின் கிருமி அடுத்த உறுப்பின் மாதிரியில் கலக்காது. கலந்தால், நுரையீரலில் இருந்ததா இரத்தத்தில் இருந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. அந்த வேறுபாட்டில்தான் ஹார்பினின் உயிரே இருந்தது.

எடுத்ததை இரண்டாகப் பிரித்தார். ஒரு பங்கு கண்ணாடித் தகடுகளில், சாயம் ஏற்றி உடனே பார்ப்பதற்கு. மறுபங்கு அகார் குழாய்களில், கிருமியை வளர்த்து உறுதி செய்வதற்கு. முதலாவதுதான் அந்தக் காலத்தின் விரைவுப் பரிசோதனை. உறுப்புத் துண்டுகளை ஃபார்மலினில் போட்டு வைத்தார். உடலைத் தைத்து, உடை உடுத்தி, மரியாதையோடு அடக்கத்துக்கு அனுப்பினார்.

நீலச் சாயம் ஏறிய தகட்டில், ஊக்கு போல இரு முனையும் அடர்ந்து நடுவே வெளிறிய முட்டை வடிவக் கிருமிகள் தெரிந்தன. பிளேக்தான். குழாய்களில் வளர்ந்ததும் அதையே சொன்னது. உள்ளூர் அதிகாரிகளை அழைத்து நுண்ணோக்கியில் பார்க்கச் சொன்னாராம். அவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்காத அதிகாரிகளை வைத்துக்கொண்டுதான் அவர் வேலை வாங்க வேண்டியிருந்தது.

நுரையீரல் முழுக்கக் கிருமி என்றால் நோய் மூச்சுவழி மனிதரிடமிருந்து மனிதருக்குப் போகிறது. எலி வேட்டை வீண். வூ பஞ்சு வைத்துத் தைத்த மெல்லிய துணியை எல்லாருடைய முகத்திலும் கட்டச் சொன்னார். மூத்த பிரெஞ்சு மருத்துவர் மெஸ்னி இதை ஏற்கவில்லை. கவசமின்றி நோயாளிகளைப் பார்த்தார். 1911 ஜனவரியில், சில நாட்களிலேயே அவரும் இறந்தார். அதன்பின் வாதாட ஆளில்லை. நோய்க்கு ஆளானவர்களோடு பழகியவர்களை இரயில் பெட்டிகளில் தனிமைப்படுத்தினார்கள். உறைந்த மண்ணைத் தோண்ட முடியாமல் கிடந்த 2,000க்கும் மேற்பட்ட உடல்களைப் பேரரசின் அனுமதி பெற்று எரித்தார்கள். மார்ச் 1ஆம் தேதியோடு ஹார்பினில் நோய் நின்றது. மஞ்சூரியா முழுவதும் சுமார் 60,000 பேர் மாண்டிருந்தார்கள்.

நம் நெகிரி செம்பிலானுக்கும் இப்படி ஒரு கதை உண்டு. 1998-99இல் பன்றிப் பண்ணைகளில் பரவிய மூளைக்காய்ச்சல் புக்கிட் பெலாண்டோக்கிலும் பலரைக் கொன்றது. முதலில் அதை ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று நினைத்துக் கொசுவுக்குப் புகை அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். சாவு நிற்கவில்லை. 1999 மார்ச்சில், நோயாளியின் தண்டுவட நீரை எடுத்து உயிரணுக்களில் வளர்த்துப் பார்த்த மலாயா பல்கலைக்கழக ஆய்வகம்தான் இது வேறு கிருமி என்று கண்டது. மாதிரி வந்த சுங்கை நிப்பா கிராமத்தின் பெயரே அந்தக் கிருமிக்கும் ஆயிற்று.

இன்று நாம் கையில் எடுக்கும் குச்சிக்கு வருவோம். சாதாரணப் பஞ்சுக் குச்சியில் இழைகள் தலைப்பாகை போல இறுகச் சுற்றியிருக்கும். சளி உள்ளே ஊறிவிடும், கரைசலில் முழுவதும் இறங்காது. நவீனக் குச்சிகளில் நைலான் இழைகள் வெல்வெட்டைப் போல வெளிப்பக்கமாக நிமிர்ந்து நிற்கும். எடுத்ததைத் தாராளமாக விட்டுக்கொடுக்கும். மலேரியா விரைவுச் சோதனையிலும் இதே கதைதான். அதற்கு வேண்டியது 5 மைக்ரோலிட்டர் இரத்தம், அதாவது ஒரு சொட்டில் சிறு பங்கு. அதை எடுக்க வளையம், உறிஞ்சுகுழல், கவிழ்த்த கிண்ணம் என்று பல சாதனங்களை மூன்று நாடுகளில் ஒப்பிட்டுப் பார்த்தபோது, கவிழ்த்த கிண்ணம்தான் சரியான அளவை எடுத்தது. எச்சில் சோதனையென்றால் அரை மணி நேரத்துக்கு முன்பிருந்து சாப்பிடவோ குடிக்கவோ கூடாது. மைலோ குடித்த வாயோடு துப்பிய நண்பர்கள் எனக்கு இருக்கிறார்கள்.

டாக்டர் வூ 1912 முதல் மஞ்சூரியாவில் பிளேக் தடுப்புப் பணியை நடத்தினார். 1935இல் நோபல் பரிசுக்குப் பரிந்துரைக்கப்பட்டார், கிடைக்கவில்லை. 1937இல் மலாயா திரும்பி, ஈப்போவில் சாதாரண மருத்துவராக நோயாளிகளைப் பார்த்தார். அந்த நகருக்கு ஒரு நூலகம் வேண்டுமென்று நன்கொடை திரட்டினார்.

1959இல் அவருடைய சுயசரிதை வெளிவந்தது. ஹார்பினின் அந்த அறையில் நடந்து ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஆகியிருந்தது. இருந்தும் ஊசி தடித்ததாக இருந்ததையும், இரத்தம் எத்தனை குழாயில் போனதென்பதையும், உறுப்புத் துண்டுகளின் அளவையும் ஒன்று விடாமல் எழுதியிருக்கிறார். மறு ஆண்டு ஜனவரி 21ஆம் தேதி, தம் 80ஆம் வயதில் பினாங்கில் காலமானார்.