கோட்டயத்திலிருந்து வேலூருக்கு வந்த மூளை டாக்டர்

ஆண்டு மலருக்கு ஒரு பெரியவரின் வாழ்க்கையை எழுதிக் கொடு என்று நம்ம சங்கச் செயலாளர் கேட்டார். எடிசனுக்கும் அப்துல் கலாமுக்கும் ஏற்கெனவே ஆள் இருந்தது. நான் டாக்டர் ஜேக்கப் சாண்டியைப் பற்றி எழுதுகிறேன் என்றேன். யாருப்பா அது என்றார். டிப்ளமோ எலக்ட்ரானிக்ஸ் படிக்கிறவனுக்கு மூளை டாக்டர் எதற்கு என்று நீங்களும் கேட்கலாம். காரணம் இருக்கிறது.

எனக்குச் சொந்த ஊர் கம்பத்துக்குப் பக்கத்தில் காமயகவுண்டன்பட்டி. என் சித்தப்பா மகனுக்கு ஏழு வயதிலிருந்தே வலிப்பு. அவன் தெருவில் விழுந்துவிட்டால் ஓடி வருகிறவர்கள் எல்லாரும் சாவிக்கொத்தைத்தான் தேடுவார்கள். கையில் இரும்பைத் திணித்தால் வலிப்பு நிற்கும் என்று நம்பிக்கை. பெரும்பாலும் அது இரண்டு மூன்று நிமிடத்தில் தானாகவே நின்றுவிடும்; பெயர் என்னவோ சாவிக்குத்தான்! மந்திரித்தார்கள், கயிறு கட்டினார்கள், எட்டாம் வகுப்போடு படிப்பையும் நிறுத்திவிட்டார்கள். ரொம்பத் தாமதமாக ஒரு டாக்டர் ஈ.ஈ.ஜி. எடுக்கச் சொன்னார். அந்தக் காகிதத்தை நான்தான் கையில் வாங்கினேன். பார்த்தால் நம்ம லேபில் சி.ஆர்.ஓ.வில் வருகிற மாதிரி அலைகள்! இந்த வைத்தியம் நம்ம பக்கத்துக்கு யாரால் வந்தது என்று அன்றைக்குத் தேட ஆரம்பித்தவன்தான்.

ஜேக்கப் சாண்டி 1910-ல் கோட்டயத்தில் பிறந்தவர். நம்ம கம்பத்திலிருந்து குமுளி மலையேறி இறங்கினால் அந்தப் பக்கம் கோட்டயம். ஒரு வகையில் பக்கத்து ஊர்க்காரர்தான். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து முடித்து, பஹ்ரைன் தீவில் இருந்த அமெரிக்க மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போய் டாக்டர் பால் ஹாரிசனிடம் வேலை பார்த்தார். அங்கிருந்து அமெரிக்காவில் பிலடெல்பியா. பிறகு கனடாவில் மான்ட்ரீல் நகரம்.

மான்ட்ரீலில்தான் விஷயமே இருக்கிறது. அங்கே டாக்டர் வைல்டர் பென்ஃபீல்டு, அமெரிக்க ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் பண உதவியோடு 1934-ல் ஒரு நரம்பியல் நிலையம் திறந்திருந்தார். மூளையைத் தொட்டால் மூளைக்கு வலி தெரியாது. அதனால் தலைத்தோலை மட்டும் மரத்துப்போகச் செய்து, நோயாளி முழித்துக்கொண்டு பேசிக்கொண்டிருக்கும்போதே மண்டையைத் திறந்து, மூளையில் மெல்லிய மின்சாரத்தை அங்கங்கே வைத்துப் பார்ப்பார். ஓரிடத்தில் வைத்தால் விரல் அசையும். இன்னோரிடத்தில் வைத்தால் பேச்சு நிற்கும். இப்படி வரைபடம் போட்டு, தொடக்கூடாத இடத்தை விட்டுவிட்டு, வலிப்பைக் கிளப்பும் இடத்தை மட்டும் எடுப்பார். நாம சர்க்யூட்டில் ப்ரோப் வைத்து ஃபால்ட் தேடுகிறோமே, ஏறக்குறைய அதே வேலை. என்ன, இங்கே போர்டு நம்மகூடப் பேசும்!

ஈ.ஈ.ஜி.யைக் கண்டுபிடித்தவர் ஜெர்மனியின் ஹான்ஸ் பெர்கர். மனிதனின் மூளை அலையை முதன்முதலாகப் பதிவு செய்தது 1924-ல். அந்த சிக்னல் வெறும் 10 முதல் 100 மைக்ரோவோல்ட். 50 மைக்ரோவோல்ட் என்றே வைத்துக்கொண்டாலும், ஒரு பென்டார்ச் செல்லின் 1.5 வோல்ட்டில் முப்பதாயிரத்தில் ஒரு பங்கு! இதை டிஃபரென்ஷியல் ஆம்ப்ளிஃபையர் வைத்துப் பெருக்க வேண்டும். இல்லையென்றால் ட்யூப்லைட்டின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலே அதை அமுக்கிவிடும். வால்வு காலத்தில் இதைச் சாதித்திருக்கிறார்கள். ஜெர்மன்காரர் கருவி, அமெரிக்கப் பணம், கனடா ஆஸ்பத்திரி, அங்கே கற்றுக்கொள்ளப் போனவர் கோட்டயத்துக்காரர். ஒரு நாட்டால் மட்டும் இது முடிந்திருக்காது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

மான்ட்ரீலுக்குப் பிறகு சிகாகோவிலும் வேலை பார்த்துவிட்டு, 1949-ல் சாண்டி வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். நரம்பியலுக்கும் நரம்பு அறுவைச் சிகிச்சைக்கும் இந்தியாவிலேயே முதல் துறை அங்கே தொடங்கியது. அடுத்த ஆண்டே, இங்கிலாந்தில் பயிற்சி பெற்றுவந்த டாக்டர் பா. ராமமூர்த்தி சென்னை அரசு பொது மருத்துவமனையில் ஆரம்பித்தார். 1951-ல் இவர்கள் இருவரும், டாக்டர் எஸ்.டி. நரசிம்மன், டாக்டர் பல்தேவ் சிங் ஆகியோருமாக நாலு பேர் சேர்ந்து இந்திய நரம்பியல் சங்கத்தை உண்டாக்கினார்கள். இதில் பல்தேவ் சிங் வேலூருக்கே வந்து சாண்டியோடு வேலை செய்தார். 1952 ஆகஸ்டில், குழந்தையிலிருந்தே வலது பக்கம் செயலிழந்து, மருந்துக்கும் அடங்காத வலிப்போடு இருந்த ஓர் இளைஞருக்கு வேலூரில் அறுவைச் சிகிச்சை நடந்தது. வலிப்புக்காக இந்தியாவில் செய்த முதல் அறுவைச் சிகிச்சை அதுதான். அந்த இளைஞருக்கு வயது 19. நம்ம வயசு!

கற்றதைத் தன்னோடு வைத்துக்கொள்ளாமல், நரம்பு அறுவைச் சிகிச்சைக்கான பட்டமேற்படிப்பையும் 1950-களின் கடைசியில் வேலூரில் ஏற்படுத்தினார். பத்து ஆபரேஷன் செய்வதைவிட இது பெரிய வேலை என்பது என் கருத்து. பிறகு வந்தவர்கள் கற்றுக்கொள்ளக் கப்பல் ஏற வேண்டியிருக்கவில்லை. 1964-ல் பத்மபூஷண் கிடைத்தது. 1970-ல் ஓய்வு பெற்றார். 2007-ல் தம் 97-வது வயதில் காலமானார்.

உலகத்தில் சுமார் 5 கோடிப் பேருக்கு வலிப்பு நோய் இருக்கிறது என்றும், சரியான மருத்துவம் கிடைத்தால் அதில் 70 சதவீதம் பேர் வரைக்கும் வலிப்பே இல்லாமல் வாழலாம் என்றும் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பெரும்பாலோருக்கு ஆபரேஷன்கூட வேண்டாம், தினமும் மாத்திரை போதும். என் தம்பிக்கும் மாத்திரைதான். இரண்டு வருஷமாக வலிப்பு இல்லை. திராட்சைத் தோட்டத்தில் கவாத்து வேலைக்குப் போகிறான்.

போன மாதம் நானும் அவனும் கம்பத்திலிருந்து பஸ்ஸில் வந்தபோது ஒரு பெரியவர் வலிப்பு வந்து விழுந்தார். கூட்டத்தில் ஒருவர் சாவியை நீட்டினார். என் தம்பி அதை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, பெரியவரை ஒருக்களித்துப் படுக்க வைத்தான். தலைக்கடியில் துண்டை மடித்து வைத்தான். வாயில் எதையும் வைக்க விடவில்லை. ஐந்து நிமிடம் தாண்டினால் 108-க்குப் போன் போடு என்று என்னிடம் சொல்லிவிட்டு வாட்சைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். மூன்றாவது நிமிடத்தில் நின்றது. பெரியவர் கண் திறந்து, எந்த ஊர் தாண்டியிருக்கு தம்பி என்று அவனைத்தான் கேட்டார்.