முட்டைக் கூடைக்காக ஒரு கார்: பியேர் பூலாஞ்சேயின் வாழ்க்கை

1990களின் கடைசியில் அம்பாங் சாலை நெரிசலில் ஊர்ந்த புரோட்டோன் தியாரா என்ற குட்டிக் காரை நம்மில் சிலருக்கு நினைவிருக்கலாம். 1996இல் வந்தது, 2000இல் நின்றுபோனது. புரோட்டோன் என்றாலே மிட்சுபிஷி என்றிருந்த காலத்தில் இதன் பூர்வீகம் மட்டும் பிரான்ஸ். சிட்ரோன் ஏஎக்ஸ் என்ற காரை இங்கே பொருத்தி, பெயரை மாற்றி விற்றார்கள். 1.1 லிட்டர் இயந்திரம், எடை குறைவு, எண்ணெய்ச் செலவும் குறைவு. அது இங்கே எடுபடவில்லை. ஆனால் கைக்கு எட்டும் விலையில் சிக்கனமான கார் என்ற வழியை சிட்ரோனில் போட்டுக்கொடுத்தவரின் கதை, தோட்டத்திலிருந்து வந்த நமக்குக் கொஞ்சம் நெருக்கமானது.

அவர் பெயர் பியேர் பூலாஞ்சே. 1885இல் வட பிரான்சில் பிறந்தார். படித்தது கலை; பொறியியல் அல்ல. இளவயதில் கப்பலேறி அமெரிக்காவின் சியாட்டலில் வரைவாளராக வேலை பார்த்தார். பிறகு கனடாவில் வீடு கட்டும் தொழில் நடத்தினார். 1914இல் போர் மூண்டதும் நாடு திரும்பி, வானிலிருந்து எதிரி நிலைகளைப் படமெடுக்கும் பணியில் சேர்ந்தார். போர் முடிந்ததும் மிச்செலின் டயர் நிறுவனத்தில் வேலை. 1922இல் அதன் இயக்குநர்களில் ஒருவரானார்.

1934இல் சிட்ரோன் நிறுவனம் கடனில் மூழ்கியது. பெருங்கடன் கொடுத்திருந்த மிச்செலின் அதை எடுத்துக்கொண்டு, பூலாஞ்சேயை அங்கே அனுப்பியது. அப்போது பிரான்சின் கிராமங்களில் இன்னும் குதிரை வண்டிதான். மற்றவர்கள் பணக்காரர் காரைச் சுருக்கிச் சின்னக் கார் என்று விற்றபோது, பூலாஞ்சே ஆட்களை அனுப்பி, குடியானவர்களுக்கு என்ன தேவை என்று கேட்டு வரச் சொன்னார். அதை வைத்துத்தான் பொறியாளர்களுக்கு உத்தரவு போனது: மரக்கட்டைச் செருப்பு போட்ட குடியானவர் ஏற வேண்டும், 50 கிலோ உருளைக்கிழங்கு ஏற்ற வேண்டும், 100 கிலோமீட்டருக்கு 3 லிட்டர் பெட்ரோல் போதும், மணிக்கு 60 கிலோமீட்டர் ஓடினால் சரி. உழுத வயலைக் கடந்தாலும் கூடையிலுள்ள முட்டை ஒன்றும் உடையக் கூடாது. தோற்றம் எப்படி இருந்தாலும் பரவாயில்லை. ஆள் உயரமானவர், தலையில் தொப்பியோடு தானே உட்கார்ந்து பார்ப்பார், தொப்பி இடித்தால் மாற்றச் சொல்வார்.

1939இல் சுமார் 250 மாதிரிக் கார்கள் தயாராயின. உடல் நம் லயத்து வீட்டுத் தகரம் போல நெளிநெளியாக இருக்கும். மெல்லிய தகடு வளையாமல் நிற்க அதுதான் வழி. சட்டம் ஒரு விளக்கைத்தான் கேட்டது என்பதால் முன்னால் விளக்கும் ஒன்றே. அதற்குள் மீண்டும் போர். ஜெர்மானியர் கையில் சிக்கக் கூடாது என்று பெரும்பாலானவற்றை அழித்தார்கள், சிலவற்றை ஒளித்து வைத்தார்கள்.

ஆக்கிரமிப்புக் காலத்தில் பூலாஞ்சே ஜெர்மன் அதிகாரிகளிடம் நேரில் பேச மறுத்தார். தொழிற்சாலை ஆமை வேகத்தில் ஓடியது. ஜெர்மன் ராணுவத்துக்குப் போன லோரிகளில், எண்ணெய் அளக்கும் கம்பியின் கோடு இடம் மாற்றிப் போடப்பட்டது. கம்பி போதும் என்று காட்டும், உள்ளே எண்ணெய் பற்றாது, கொஞ்ச நாளில் இயந்திரம் இறுகி நின்றுவிடும். பட்டறையில் வேலை செய்தவர்களுக்கு இதன் குறும்பு புரியும்.

1948 அக்டோபரில் பாரிஸ் கண்காட்சியில் 2 சி.வி. வெளிவந்தது. 375 சிசி, 9 குதிரைத்திறன்; நம் ஊர் மோட்டார் சைக்கிள் சிலவற்றுக்கு இதைவிடச் சக்தி அதிகம். பத்திரிகைகள் சிரித்தன. மக்கள் வரிசையில் நின்றார்கள். காத்திருப்பு ஆண்டுக்கணக்கில் நீண்டதால், உடனே கிடைக்கும் பழைய வண்டி புதியதைவிட அதிக விலைக்குப் போனதாம். கிராம மருத்துவர், பாதிரியார், மருத்துவச்சி, சிறு விவசாயி ஆகியோருக்கு முன்னுரிமை கொடுத்தார்கள்.

இதில் எனக்கு உறுத்தும் ஒன்று உண்டு. மிச்செலினின் செல்வம் ரப்பரில் வந்தது. 1920களில் அந்நிறுவனம் தென்வியட்நாமில் சொந்தத் தோட்டங்கள் போட்டது. வடக்கிலிருந்து ஒப்பந்தத்தில் கொண்டுவரப்பட்ட தொழிலாளர்கள் மலேரியாவிலும் அடிஉதையிலும் மடிந்தார்கள். 1930இல் பூ ரியெங் தோட்டத்தில் வேலைநிறுத்தம் வெடித்தது. மலாயாவின் கங்காணி காலம் தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பூலாஞ்சே அந்தத் தோட்டங்களை நடத்தினார் என்று சொல்லவில்லை. ஆனால் அப்போது அவர் நிறுவனத்தின் இயக்குநர். பிரெஞ்சுக் குடியானவரிடம் கேட்ட கேள்வியைப் பால்மரம் வெட்டியவரிடம் யாரும் கேட்கவில்லை.

1950 நவம்பரில், தம் நிறுவனத்தின் காரைத் தாமே ஓட்டிச் சென்றபோது விபத்தில் இறந்தார். வயது 65. ஆமி, டியான், பிளாஸ்டிக் உடல் கொண்ட மெஹாரி என்று 2 சி.வி.யின் வாரிசுகள் எல்லாம் அதற்குப் பிறகு வந்தவை. 1970இல் சைகோனில் அதே இயந்திரத்தை வைத்து, உடலை அங்கேயே தகட்டில் செய்து, லா தாலாட் என்ற காரை உருவாக்கினார்கள். 1975இல் போர் முடிந்ததும் அது நின்றது. கடைசி 2 சி.வி. 1990 ஜூலையில் போர்ச்சுகலில் தயாரானது. அதற்குள் 38 லட்சத்துக்கும் மேல் ஓடிவிட்டன.