கால்டுவெல் ஐயரும் இடையன்குடித் தேவாலயமும்

கீழ்பென்னாத்தூரிலிருந்து திருவண்ணாமலைக்குச் செல்வோர் அங்கே 217 அடி உயர்ந்து நிற்கும் இராஜகோபுரத்தைக் கண்டு வியவாதிரார். விஜயநகர மன்னர் கிருஷ்ணதேவராயர் தொடங்கிய அத்திருப்பணி தஞ்சைச் செவ்வப்ப நாயக்கரால் நிறைவேறியது என்பர். தொடங்கியவர் முடிவைக் காணாது மறைவது பெரும்பணிகளின் இயல்பு. ஆயினும், தாம் தொடங்கிய ஆலயத்தை முப்பத்துமூன்று ஆண்டுகள் சோர்வின்றிக் காத்திருந்து தாமே முடித்த ஒருவர் தமிழ்நாட்டில் வாழ்ந்தார். அவரே கால்டுவெல் ஐயர். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் இயற்றிய அறிஞராக அவரை நாம் அறிவோம். கோயில் எடுப்பித்தவராக அறிந்தோர் சிலரே.

ராபர்ட் கால்டுவெல் 1814ஆம் ஆண்டு மே மாதம் 7ஆம் நாள் அயர்லாந்து தேசத்தில் பிறந்தார். இளமையில் டப்ளின் நகரில் ஓவியக்கலை பயின்றார். பின்னர்ச் சமயத்தொண்டில் மனம் பற்றி, கிளாஸ்கோ சர்வகலாசாலையில் கற்றுத் தேறி, 1838ஆம் ஆண்டில் சென்னையை அடைந்தார். மூன்றாண்டுகள் அங்குத் தங்கித் தமிழ் கற்றார். நாட்டையும் மக்களையும் நேரே அறிய விரும்பிய அவர், 1841ஆம் ஆண்டில் நீலகிரி வழியாகக் கால்நடையாகவே பயணஞ்செய்து திருநெல்வேலி நாட்டு இடையன்குடியை அடைந்தார்.

இடையன்குடி செம்மணல் தேரியும் பனைமரங்களும் சூழ்ந்த சிற்றூர். பனையேறிப் பிழைக்கும் எளிய மக்களே அங்கு மிகுதி. ஐயர் அவ்வூரின் தெருக்களை ஒழுங்குபட வகுத்தார், பள்ளிகளை நிறுவினார். 1844ஆம் ஆண்டில் அவரை மணந்த எலைசா அம்மையார் பெண்களுக்குக் கல்வியோடு லேஸ் பின்னும் தொழிலையும் கற்பித்தார். 1847ஆம் ஆண்டில் பரிசுத்த திரித்துவ ஆலயத்தின் பணி தொடங்கிற்று.

அவ்வாலயம் காத்திக் முறையில் அமைந்தது. இங்கிலாந்தின் சிற்றூர்களில் 12 முதல் 16ஆம் நூற்றாண்டுவரை எழுந்த கற்கோயில்களின் முறை அது. காலத்தால் சிதைந்த அக்கோயில்களைப் பழுதுபார்த்துப் புதுக்கும் பெருமுயற்சி அந்நாட்டில் அக்காலத்தேதான் நிகழ்ந்துகொண்டிருந்தது. புதிதாக எழுந்த ஆலயங்களும் அம்முறையையே பின்பற்றின.

நம் நாட்டுக் கோயில்களில் தூண்மேல் உத்தரக்கல்லும், உத்தரத்தின்மேல் பாவுகல்லும் கிடத்துவது வழக்கம். பாரம் நேரே கீழிறங்கும். காத்திக் முறையிலோ ஆப்பு வடிவமான கற்களை அடுக்கி, உச்சி கூர்மையான வளைவு அமைப்பர். வளைவின் பாரம் கீழே இறங்குவதோடு பக்கங்களிலும் சுவரைத் தள்ளும். உச்சி கூர்மையாயிருப்பின் அத்தள்ளுதல் குறையும். எஞ்சியதை வெளிப்புறத்து உதைசுவர்கள் தாங்கும். உச்சிக்கல் பொருந்துமளவும் மரச்சாரமே வளைவைத் தாங்கி நிற்கவேண்டும். உத்தரமும் தூணும் கண்டு பழகிய நாட்டில் இத்தகைய வேலை எளிதன்று. இளமையில் பயின்ற ஓவியக்கலை இங்கே ஐயருக்கு உதவிற்று.

கட்டடம் வளர்ந்த ஆண்டுகளில் ஐயர் அதனை மட்டுமே கருதி வாழ்ந்தவர் அல்லர். 1856ஆம் ஆண்டில் ஒப்பிலக்கணம் வெளிவந்தது. தமிழ் வேதாகமத்தைத் திருத்திய அறிஞர் குழுவிலும் அமர்ந்து உழைத்தார். 1877ஆம் ஆண்டில் அத்தியட்சராக உயர்ந்தார்; தென்னாட்டைக் கொடிய பஞ்சம் வருத்திய காலம் அது.

அவர் வாழ்வில் குறையும் இல்லாமல் இல்லை. தம்மைச் சூழ்ந்து வாழ்ந்த பனைத்தொழில் மக்களைப்பற்றி 1849ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட சிறுநூல் அச்சமூகத்தார் நெஞ்சைப் பெரிதும் புண்படுத்திற்று. தம்மோடு வாழ்வோரை எழுதும்பொழுது அறிஞரும் பிழைபடுவர் என்பதற்கு அது சான்று. அம்மனக்கசப்பு நெடுநாள் நீடித்தது; எனினும் ஆலயப்பணி கைவிடப்படவில்லை.

1880ஆம் ஆண்டு ஜூலை மாதம் 6ஆம் நாள் ஆலயம் பிரதிஷ்டை செய்யப்பட்டது. பணி தொடங்கிய ஆண்டில் ஐயருக்கு வயது 33, முடிந்தபொழுது 66. அவர் அதுகாறும் வாழ்ந்த வாழ்நாளில் சரிபாதி அவ்வாலயத்தோடு கழிந்தது. மறுவருடம் திருநெல்வேலிச் சரித்திரத்தை வெளியிட்டார். 1891ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 28ஆம் நாள் கோடைக்கானலில் உயிர்நீத்தார். அவர் உடல் இடையன்குடிக்குக் கொணரப்பட்டு, அவ்வாலயத்தினுள்ளேயே அடக்கம் பெற்றது. அவர் வாழ்ந்த இல்லம் இன்று தமிழ்நாட்டரசின் நினைவில்லமாக விளங்குகின்றது.

மாணவ நண்பர்களே! ஓராண்டில் பயனளிக்காத முயற்சியை வீண்முயற்சி என்று கைவிடும் மனப்பான்மை நம்மிடம் உண்டு. உச்சிக்கல் அமையுமுன் சாரத்தை அகற்றினால் வளைவு சரிந்துவிடும். கல்வியும் அத்தகையதே. முடியுமளவும் தாங்கி நிற்கும் பொறுமையையே இடையன்குடி ஆலயம் நமக்குக் கற்பிக்கின்றது.